கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரங்கள் எங்கே போயின?

டிசம்பர் பிறந்ததும் இரண்டு விஷயங்கள் தவறாமல் வந்துவிடும். கடை வாசலில் நட்சத்திரமும் தள்ளுபடி போர்டும் ஒன்று. "கிறிஸ்துமஸ் வெறும் வியாபாரமாகிப் போச்சு, இயேசுவுக்கே அதில் இடமில்லை" என்கிற வருத்தம் இன்னொன்று. அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் அதைச் சொல்லும்போது நம் மனதுக்குள் ஒரு கதை ஓடுகிறது: ஒரு காலத்தில் எல்லோரும் அமைதியாக, பக்தியாகக் கொண்டாடினார்கள், அப்புறம் கடைக்காரர்கள் வந்து கெடுத்துவிட்டார்கள் என்று. இந்தக் கதை சரியில்லை. இன்று உலகமெங்கும் தெரிகிற கிறிஸ்துமஸில் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் உருவெடுத்தது. அங்கே என்ன நடந்தது என்று பார்த்தால், நாம் இழந்தது எது என்பதே வேறு மாதிரித் தெரியும். கடைகள் எடுத்துக்கொண்டது டிசம்பர் 25ஐ இல்லை, காத்திருப்பதற்கென்றே சபை வைத்திருந்த அதற்கு முந்தைய நான்கு வாரங்களை, அதாவது திருவருகைக் காலத்தை என்பது என் எண்ணம். பிந்தைய பன்னிரண்டு நாட்களும் அதோடு சேர்ந்தே போய்விட்டன.

முதலில் பழைய கதை. இயேசு எந்த நாளில் பிறந்தார் என்று நற்செய்தி நூல்கள் சொல்லவில்லை. டிசம்பர் 25 என்பதற்கு ரோமில் கிடைக்கும் முதல் பதிவு 336ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கிழக்கில் ஜனவரி 6ஐக் கொண்டாடினார்கள், ஆர்மீனியத் திருச்சபை இன்றும் அப்படித்தான் செய்கிறது. ஐரோப்பாவில் இந்தப் பண்டிகை வந்து விழுந்த காலம் எப்படிப்பட்டது தெரியுமா? அறுவடை முடிந்து, வயலில் வேலையில்லாமல், ஆடுமாடுகளை அறுத்துப் புது இறைச்சியும் புதிதாக வடித்த பீரும் கையில் இருக்கிற காலம். கோயிலில் திருப்பலி நடக்கும், தெருவில் குடியும் கூத்தும் நடக்கும். கூலிக்காரர்களும் வேலையாட்களும் கூட்டமாகப் பாடிக்கொண்டு பண்ணையார் வீட்டு வாசலுக்குப் போய் நல்ல சாப்பாடும் குடியும் கேட்பார்கள். கேட்டால் கொடுத்தாக வேண்டும், அந்த சில நாட்களுக்கு மட்டும் அது அவர்களுடைய உரிமை.

இதைப் பொறுக்காதவர்கள் பக்தர்கள்தான். வேதத்தில் இல்லாத திருநாள், போதாததற்கு இவ்வளவு குடி என்று கண்டிப்பான புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்களான பியூரிட்டன்கள் கொதித்தார்கள். 1647இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் கிறிஸ்துமஸையே ஒழித்தது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659இல் ஒரு சட்டம் போட்டார்கள்: அன்றைக்கு வேலைக்குப் போகாமலோ விருந்து வைத்தோ கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். 1681இல் சட்டம் போனாலும் மனப்பான்மை போகவில்லை, நியூ இங்கிலாந்துப் பகுதியில் பல சபைகள் அதற்கப்புறமும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் அந்த நாளைச் சாதாரண நாளாகவே வைத்திருந்தன. ஆக, அமெரிக்காவின் ஒரு பெரிய பகுதியில் கிறிஸ்துமஸை வெளியே தள்ளியது சபைதான்.

அதைத் திரும்ப உள்ளே கொண்டுவந்தவர்கள் யார் என்பதுதான் முக்கியமான இடம். 1820களின் நியூயார்க்கை நினைத்துப் பாருங்கள். நகரம் வேகமாக வீங்குகிறது. குளிர்காலத்தில் வேலை குறைந்தவர்கள் கிறிஸ்துமஸ், புத்தாண்டு இரவுகளில் கும்பலாகத் தகரத்தைத் தட்டிக்கொண்டு பணக்காரர் தெருக்களில் அலைகிறார்கள். பழைய பண்ணையார் வீட்டு வழக்கத்தின் நகரத்து வடிவம் இது, ஆனால் இங்கே கதவைத் தட்டுகிறவனை வீட்டுக்காரருக்குத் தெரியாது. வசதியான குடும்பங்கள் பண்டிகையைத் தெருவிலிருந்து வீட்டுக்குள் கொண்டுபோக விரும்பின. 1823 டிசம்பர் 23 அன்று ட்ராய் என்ற ஊரின் பத்திரிகையில் பெயர் போடாமல் ஒரு கவிதை வந்தது: புனித நிக்கோலாஸ், அதாவது இன்றைய கிறிஸ்துமஸ் தாத்தா, எட்டு மான்கள் இழுக்கும் பனிவண்டியில் வந்து, புகைபோக்கி வழியே இறங்கி, தூங்கும் குழந்தைகளின் காலுறைகளில் பொம்மைகளை நிரப்பிவிட்டுப் போகிறார். அதை எழுதியவர் என்று பின்னாளில் அறியப்பட்ட கிளெமென்ட் மூர் ஒரு குருத்துவக் கல்லூரியில் எபிரேயம் கற்பித்த வேத அறிஞர். (அது தங்கள் முன்னோர் ஹென்றி லிவிங்ஸ்டன் எழுதியது என்று அவர் குடும்பத்தார் சொன்னார்கள், அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.) அந்தக் கவிதையில் இயேசுவும் இல்லை, மரியாளும் இல்லை, கோயிலும் இல்லை.

அந்தக் கவிதையில் நடந்த மாற்றத்தைக் கவனியுங்கள். அதுவரை கிறிஸ்துமஸ் இரவில் வீட்டுக்கு வந்தவன் ஏழை, அவன் கேட்டான், வீட்டுக்காரர் கொடுத்தார். இப்போது வருகிறவர் எதையும் கேட்பதில்லை, சத்தமில்லாமல் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். வெளியே இருந்தவனுக்குப் போன பங்கு வீட்டுக்குள் இருக்கும் சொந்தப் பிள்ளைகளுக்குத் திரும்பியது. பிள்ளைகளுக்கு மிச்சச் சோற்றையும் பீரையும் பரிசாகக் கொடுக்க முடியாது அல்லவா, வாங்கித்தான் ஆக வேண்டும். அதே 1820களில் புத்தகக் கடைக்காரர்கள் பரிசாகக் கொடுப்பதற்கென்றே அழகான அட்டை போட்ட ஆண்டு மலர்களைக் கிறிஸ்துமஸுக்கு இறக்க ஆரம்பித்தார்கள். குடும்பக் கிறிஸ்துமஸும் கடைக் கிறிஸ்துமஸும் ஒரே பத்தாண்டில் பிறந்தவை. முதலாவது பழையது, தூய்மையானது, இரண்டாவது பின்னால் ஒட்டிக்கொண்டது என்று நினைப்பது தவறு. அந்த நாளை ஒதுக்கியிருந்த சபைகள் இதற்குப் பின்னால்தான் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. 1870இல் அமெரிக்க அரசு அதை விடுமுறையாக்கியது. 1880களில் வுல்வொர்த் கடைகள் ஜெர்மனியின் லௌஷா ஊரில் ஊதிச் செய்த கண்ணாடிக் குண்டுகளை இறக்கி மலிவாக விற்றன, மரம் அலங்கரிப்பது சாதாரண வீடுகளுக்கும் போனது.

இதில் வில்லன் தேடினால் கிடைக்க மாட்டார். பிலடெல்ஃபியாவின் ஜான் வானமேக்கரைப் பாருங்கள். அமெரிக்காவின் மிகப் பெரிய பல்பொருள் கடைகளில் ஒன்றின் முதலாளி, அதே சமயம் ஆழ்ந்த பிரெஸ்பிட்டேரியன் விசுவாசி, தன் சபையின் மிகப் பெரிய ஞாயிறு பள்ளியைப் பல்லாண்டுகள் நடத்தியவர். 1904 செயின்ட் லூயிஸ் கண்காட்சிக்காகச் செய்த பிரம்மாண்டமான பைப் ஆர்கனை வாங்கி, 1911இல் தன் கடையின் நடு மண்டபத்தில் ஒலிக்க வைத்தார். கிறிஸ்துமஸ் காலத்தில் அந்த மண்டபத்தை ஒரு பேராலயம் போல அலங்கரித்தார்கள், வாடிக்கையாளர்களுக்குப் பாட்டுப் புத்தகம் கொடுத்தார்கள், ஆயிரக்கணக்கானவர்கள் சாமான் பைகளோடு நின்று கிறிஸ்து பிறப்புப் பாடல்களைச் சேர்ந்து பாடினார்கள். அவருடைய பக்தியை நான் சந்தேகிக்கவில்லை. அந்தப் பாடலில் கண் கலங்கியவர்களின் பக்தியையும் சந்தேகிக்கவில்லை. ஆனால் இங்கே ஒன்று நடந்துவிட்டது. கோயில் தருகிற இசை, வெளிச்சம், பிரமிப்பு எல்லாவற்றையும் கடையும் தர முடிந்தது. கோயில் அதற்கு முன்பு காத்திருக்கச் சொல்லும், கடை உடனே தரும். வித்தியாசம் அந்த ஒன்றுதான். மற்ற எல்லாம் அதிலிருந்தே கிளைத்தன.

சரி, கடைக்காலம் எப்படி இவ்வளவு நீண்டது? இதிலும் முதல் தள்ளு பேராசையிலிருந்து வரவில்லை, இதைப் படித்தபோது எனக்கு மனம் கனத்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய கடைசி இரண்டு வாரம் கடைப்பெண்களுக்கு நரகம். நள்ளிரவு வரை நிற்க வேண்டும், சாமான் கொண்டுபோகும் சிறுவர்கள் அதற்குப் பின்னும் பனியில் ஓட வேண்டும். 1899இல் தொடங்கிய நேஷனல் கன்ஸ்யூமர்ஸ் லீக் என்ற நுகர்வோர் சங்கமும் அதன் தலைமையில் இருந்த ஃப்ளோரன்ஸ் கெல்லியும், "முன்கூட்டியே வாங்குங்கள், கடைசி நாட்களில் கூட்டம் போட்டு அவர்களைக் கொல்லாதீர்கள்" என்று பிரசாரம் செய்தார்கள். இரக்கத்தால் வந்த வேண்டுகோள். கடைகள் அதைச் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டு தங்கள் விளம்பரத்தில் போட்டன. 1912இல் நியூயார்க்கில் ஆன் மார்கனும் எலினார் பெல்மான்ட்டும் பயனற்ற பரிசுகளைத் தடுப்பதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். கடைப்பெண்கள் தங்கள் சொற்பச் சம்பளத்திலிருந்து மேலதிகாரிகளுக்குப் பரிசு வாங்கித் தர வேண்டிய கட்டாயத்தை எதிர்ப்பதே அதன் முதல் வேலை. முன்னாள் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட்கூட உறுப்பினரானார். சில வருடம் பரபரப்பாக இருந்துவிட்டு அது மறைந்துபோனது.

1924இல் மேசீஸ் கடை நியூயார்க்கில், கடவுளுக்கு நன்றி சொல்லும் நவம்பர் விடுமுறையான தேங்க்ஸ்கிவிங் நாளன்று ஊர்வலம் தொடங்கியது. அதன் முதல் பெயரே கிறிஸ்துமஸ் ஊர்வலம், கடைசியில் கிறிஸ்துமஸ் தாத்தா கடை வாசலில் வந்து இறங்குவார். தேங்க்ஸ்கிவிங் முடியும் முன் கிறிஸ்துமஸ் விளம்பரம் செய்வது அநாகரிகம் என்ற எழுதாத கட்டுப்பாடு மட்டும் அப்போதும் இருந்தது. 1939இல் அந்த நாள் நவம்பர் 30இல் விழுந்தது, பண்டிகைக்கு 24 நாள்தான் மிச்சம். கடைக்காரர்கள் அப்போதைய ஜனாதிபதி ஃப்ராங்க்ளின் ரூஸ்வெல்ட்டிடம் போய் நின்றார்கள், அவர் நன்றி சொல்லும் நாளை ஒரு வாரம் முன்னுக்கு நகர்த்தி நவம்பர் 23 ஆக்கினார். ஏறக்குறைய பாதி மாநிலங்கள் ஏற்றன, மீதி மறுத்தன, ஒரே நாட்டில் இரண்டு தேங்க்ஸ்கிவிங். 1941இல் நாடாளுமன்றம் நவம்பரின் நான்காவது வியாழன் என்று சட்டமாக்கி முடித்தது. கடவுளுக்கு நன்றி சொல்ல வைத்த ஒரு நாளையே விற்பனைக்காக நகர்த்தலாம் என்று ஒரு அரசாங்கம் ஒத்துக்கொண்டது. கோககோலாதான் தாத்தாவுக்குச் சிவப்பு உடை போட்டது என்று சுற்றும் தவறான செய்தியைவிட (அந்தச் சிவப்பு அதற்கு முன்பே இருந்தது) இந்த உண்மை எனக்கு ஆயிரம் மடங்கு முக்கியமாகப் படுகிறது.

இன்றைக்குக் கணக்கு என்ன? அமெரிக்கச் சில்லறை வணிகர்களின் தேசியக் கூட்டமைப்பு சொன்னபடி, 2024 நவம்பர், டிசம்பர் இரண்டு மாத விற்பனை 99,400 கோடி டாலர். வருடத்தின் மொத்தச் சில்லறை விற்பனையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்த இரண்டு மாதத்தில். இப்படி ஒரு பிடியில் இருக்கும் கடைக்காரரிடம் போய்ப் பொறுமையாக இருங்கள் என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? பக்கத்துக் கடை நவம்பர் முதல் தேதி மரத்தை வைத்தால் இவர் அக்டோபரில் வைப்பார்.

இப்போது அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் கிறிஸ்தவர்களிலேயே பலருக்கு இது மறந்துவிட்டது. திருவருகைக் காலம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள், நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் தொடங்கும். கிறிஸ்தவரல்லாத தமிழ் வாசகருக்கு மார்கழியைச் சொன்னால் புரியும்: கல்யாணம் இல்லை, விடியற்காலையில் எழுந்து பாட்டு, ஏதோ ஒன்றை எதிர்பார்த்து உடலையும் மனதையும் ஒடுக்கிவைக்கிற நாட்கள். நம் ஊர்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் இன்றும் திருவருகைக் காலத்தில் கல்யாணம் வைப்பதில்லை. பீடத்தில் ஊதா நிறம். ஞாயிறு திருப்பலியில் வானவர் கீதம் என்ற புகழ்ப்பாடலைப் பாடுவதில்லை, அது கிறிஸ்துமஸ் இரவுத் திருப்பலியில்தான் மணியோசையோடு திரும்பி வரும். பழைய காலத்தில் பிரான்ஸ் பகுதியில் நவம்பர் 11 தாண்டியதும் வாரத்தில் மூன்று நாள் நோன்பு இருந்தார்கள். கிழக்குச் சபைகளில் பலவற்றில் இன்றும் நவம்பர் 15 முதல் நாற்பது நாள் நோன்பு உண்டு.

இந்த வாரங்களில் வாசிக்கப்படும் பகுதிகளைக் கேட்டிருக்கிறீர்களா? குழந்தையும் இடையரும் வரவே மாட்டார்கள். முதல் ஞாயிறு உலக முடிவைப் பற்றியது, விழிப்பாயிருங்கள் என்கிறது. அடுத்த இரண்டு வாரமும் இயேசுவின் வருகையை முன்னறிவித்த திருமுழுக்கு யோவான். நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று மக்கள் அவரிடம் கேட்கிறார்கள். "இரண்டு அங்கிகளை உடையவர் இல்லாதவரோடு பகிர்ந்து கொள்ளட்டும்" என்கிறார். பிறகு மரியாளின் பாடல் வருகிறது, பசித்தவர்களை நிரப்பி, செல்வர்களை வெறுங்கையோடு அனுப்பிவிடுகிற கடவுளைப் பற்றி. 1823இல் புகைபோக்கி வழியே தாத்தா இறங்கிய அன்று வாசலில் நின்றிருந்த ஏழையை வீடு மறந்தது, ஆனால் இந்த வாசகங்களில் அவன் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறான். முதலில் இல்லாமையை உணர வேண்டும், அப்புறம்தான் நிறைவு. கிறிஸ்துமஸின் மதப் பொருள் இந்த வரிசையில்தான் இருக்கிறது. விற்பனைக்கு ஒத்துவராததும் இதுதான், ஏனென்றால் ஒரு மாதம் முழுக்க "இப்போது வேண்டாம்" என்று சொல்லப் பழகியவரிடம் எதை விற்பது?

காத்திருப்பதற்கென்றே வந்த பொருட்களுக்கும் இதே கதிதான். 1839இல் ஹாம்பர்க்கில் ஆதரவற்ற சிறுவர் இல்லம் நடத்திய யோஹான் விஹெர்ன் என்ற லூத்தரன் போதகர், "கிறிஸ்துமஸ் எப்போ வரும்" என்று நச்சரித்த பிள்ளைகளுக்காக ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளைக் குத்திவைத்து, நாளுக்கு ஒன்றாக ஏற்ற வைத்தார். திருவருகை வளையம் அங்கிருந்து வந்தது. சின்னக் கதவுகளைத் திறந்து நாள் எண்ணும் திருவருகை நாட்காட்டியும் ஜெர்மனியில் பிறந்ததுதான். இப்போது அந்தக் கதவுகளுக்குப் பின்னால் முகப்பூச்சும் விஸ்கியும் வைத்து விற்கிறார்கள். நாளுக்கொரு ஆசையை அடக்கக் கற்றுத் தந்த பொருள், நாளுக்கொன்று வாங்கித் தீர்க்கிற பொருளாகிவிட்டது.

இதையெல்லாம் விட்டுவிட்டுக் கிறிஸ்தவர்கள் எதற்குச் சண்டை போட்டார்கள் என்று பார்த்தால் வேதனையாக இருக்கிறது. 1951 டிசம்பர் 23 அன்று பிரான்சின் திஜோன் நகரத்தில், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் பார்க்க, குருக்களின் ஒப்புதலோடு, பேராலயத்தின் கம்பிவேலியில் கிறிஸ்துமஸ் தாத்தாவின் உருவத்தைத் தொங்கவிட்டு எரித்தார்கள். மறுநாளே நகராட்சிக் கட்டடத்தின் கூரையில் தாத்தா உயிர்த்தெழுந்துவிட்டார், அவ்வளவுதான் பலன். அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்துப் பாடக்கெட் நகராட்சி, கடைவீதி வணிகர் சங்கத்தோடு சேர்ந்து வைத்த அலங்காரத்தில் இயேசு பிறப்பைக் காட்டும் ஒரு குடிலும் இருந்தது. அரசாங்கம் மதச் சின்னம் வைக்கலாமா என்று வழக்கு. 1984இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் வைக்கலாம் என்றது. ஏன்? சுற்றிலும் தாத்தா வீடு, மான்கள், கோமாளி, யானை, கரடிப் பொம்மை எல்லாம் இருந்தன, மொத்தத்தில் அது ஒரு பண்டிகைக் கால அலங்காரம்தான் என்பது தீர்ப்பின் முக்கியமான வாதம். விசுவாசிகள் பலர் இதை வெற்றி என்று கொண்டாடினார்கள். மறுத்து எழுதிய நீதிபதி பிளாக்மன்தான் இது புனிதச் சின்னத்தைத் தவறாகப் பயன்படுத்துவது என்று வருந்தினார். என் பார்வையில் அவர் சொன்னதே குடிலுக்கு மரியாதை. கரடிப் பொம்மையோடு சேர்ந்தால்தான் குழந்தை இயேசுவுக்கு இடம் என்றால், அந்த இடம் நமக்கு எதற்கு?

மற்றவர்கள் கொண்டாடுவதில் எனக்குக் குறையே இல்லை. பியூ ஆய்வு மையத்தின் 2017 கணக்குப்படி அமெரிக்கர்களில் பத்தில் ஒன்பது பேர் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறார்கள், அதை முதன்மையாக மதத் திருநாளாகக் கொண்டாடுகிறவர்கள் 46 சதவீதம். மீதிப் பேர் குடும்பத்தோடு சேர்ந்து சாப்பிட்டு, பரிசு கொடுத்து மகிழ்கிறார்கள் என்றால் நல்லதுதான். அவர்களிடம் திருவருகைக் காலத்தை எதிர்பார்க்க முடியாது, எதிர்பார்க்கவும் கூடாது. என் கேள்வி அதைத் தங்களுடையது என்று சொல்கிற சபைகளிடம்.

பிலிப்பைன்ஸைப் பார்த்தால் இதில் நம்பிக்கை வருகிறது. அங்கே செப்டம்பர் முதல் தேதியே கடைகளில் கிறிஸ்துமஸ் பாட்டு போட்டுவிடுவார்கள், உலகத்திலேயே நீளமான பண்டிகைக் காலம். ஆனாலும் டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாளும் விடியுமுன் எழுந்து கோயிலுக்குப் போகும் வழக்கம் அழியவில்லை. வயலுக்குப் போகும் முன் திருப்பலி காண வேண்டும் என்பதற்காக ஸ்பானியர் காலத்தில் வந்த வழக்கம், இன்று அலுவலகத்துக்குப் போகிறவர்களும் தூக்கக் கண்ணோடு வருகிறார்கள், மால்களுக்குள்ளேயே அந்தத் திருப்பலி நடக்கிறது. வியாபாரம் அங்கே குறையவில்லை. அதன் நடுவிலேயே உடலை வருத்தி ஒன்பது விடியலைக் கடவுளுக்கென்று ஒதுக்கிவைக்க ஒரு மக்களால் முடிந்திருக்கிறது.

நம் ஊரில் என்ன செய்கிறோம்? டிசம்பர் முதல் வாரத்திலேயே "செமி கிறிஸ்துமஸ்" என்கிற முன்கூட்டிய கொண்டாட்டம் ஆரம்பித்துவிடுகிறது. பள்ளியில் ஒன்று, அலுவலகத்தில் ஒன்று, அன்பியத்தில் (கோயிலைச் சேர்ந்த அக்கம்பக்கக் குடும்பங்களின் குழு) ஒன்று, கட்சிக்காரர்கள் வைப்பது தனி. கேரல் ரவுண்ட்ஸில் முகமூடி போட்ட தாத்தாவை நாமே கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போகிறோம், பிள்ளைகளுக்கு அது பெரிய சந்தோஷம், அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் 25 வருவதற்குள் எல்லாப் பாட்டும் பாடி, கேக் திகட்டி, பாடகர் குழுவுக்குத் தொண்டை கட்டிவிடுகிறது. 26ஆம் தேதி எல்லாம் ஓய்ந்துவிடுகிறது. சபைக் கணக்குப்படி கிறிஸ்துமஸ் காலம் அன்றைக்குத்தான் சூடு பிடிக்க வேண்டும், ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாள் வரை பன்னிரண்டு நாள் காலியாகக் கிடக்கின்றன. அரையாண்டு விடுமுறை 24ஐ ஒட்டி வந்துவிடுவதால் பள்ளிகளுக்கு வேறு வழியில்லை, புரிகிறது. பங்குக் கோயில்களுக்கும் அன்பியங்களுக்கும் அந்தக் கட்டாயம் இல்லையே? கேக் வெட்டுவது, கேரல் போட்டி, பரிசளிப்பு, முதியோர் இல்லத்துக்குப் போவது எல்லாவற்றையும் 26க்குப் பிறகு வையுங்கள். கடைக்காரர்களின் கிறிஸ்துமஸ் அதற்குள் முடிந்திருக்கும், மண்டபமும் மலிவாகக் கிடைக்கும். டிசம்பரின் முதல் மூன்று வாரத்தில் யோவான் சொன்ன அந்த இரண்டாவது அங்கியை மட்டும் சேகரித்துக் கொடுங்கள்.